சேகண்டிக்குப் பின்னால் வகியெம்

தூரிகையைத் தண்ணீரில் முக்குவதாக நினைத்து இன்றும் காப்பியில்தான் முக்கினாள் வகியெம். முக்கியதோடு நிற்காமல் ஒரு மிடறு குடித்தும் விட்டாள். சோலோ நகரில் காமெலான் வாத்தியக் குழு ஒத்திகைக்கு உட்காரும் நாட்களில் அவள் பல் நீலமாகத்தான் இருக்கும்.

வாத்தியங்களைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பாவம். ஆகவே கனத்த உடம்போடும் வண்ணப்பெட்டியோடும் சுவரில் ஒட்டி ஒட்டித்தான் உள்ளே வருவாள். அவளைக் கண்டதும் வெண்கலப்பட்டைகளைத் தட்டி வாசிக்கும் துமினா வயிற்றை எக்கிக்கொள்வாள்.

“அக்கா, போன வாரப் படத்துல எனக்கு ரெண்டு தாடை போட்டுட்டியே!”

“மூணு இருந்துச்சுடி. பாவம்னு ஒண்ண விட்டுட்டேன்.”

சிரிப்பில் தாளம் தப்பும். இன்றும் தப்பியது. குழுத்தலைவர் ஹர்யோனோ மத்தளத்தை நிறுத்தினார்.

“இங்க பாரும்மா, இன்னொரு தடவை தாளம் தப்புச்சுன்னா படப்பலகையத் தூக்கிட்டுக் கெளம்பு. அப்புறம் இந்தப் பக்கமே வரக்கூடாது.”

படத்துக்கென்று விறைத்து உட்காரும் மனிதர்களை வரைய வகியெமுக்குக் கை வராது. வாசிப்பவர்களை விட்டால் அவளுக்கு வேறு உலகமில்லை. யார் கண்ணிலும் படாதபடி பெரிய சேகண்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கினாள்.

அங்கே சேகண்டி அடிக்கும் சுகிமான் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு சுற்று முழுவதும் எல்லாரும் மாய்ந்து மாய்ந்து வாசிப்பார்கள். சுற்று முடியும் இடத்தில் அவருக்கு ஒரே ஒரு அடி. நடுவில் தூக்கம். மத்தளம் சைகை கொடுத்ததும் தானாக விழித்துக்கொள்வார். விழித்திருக்கும்போது வரையப் போனால் அடையாள அட்டைக்கு உட்கார்ந்தவர்போல விறைத்துக்கொள்வார். இந்தத் தூங்கும் முகத்துக்காக வகியெம் வருஷக்கணக்கில் ஏங்கியிருக்கிறாள். மிரட்டலே வரமாகிவிட்ட குஷியில் மளமளவென்று வரைந்தாள். மீசை வந்தது, பிளந்த வாய் வந்தது.

மத்தளம் சைகை கொடுத்தது. சுகிமான் அசையவில்லை. மத்தியானம் தேங்காய்ப்பால் சோற்றை ஒரு பிடி பிடித்திருந்தார்.

எழுப்பினால் அந்தத் தூங்கும் முகம் போச்சு. எழுப்பாவிட்டால் அடி தவறும், அவளே வெளியே. சுற்று முடியும் நொடியில், அவர் மடியிலிருந்த துணி சுற்றிய கொட்டாப்புளியை உருவிச் சேகண்டியில் ஓங்கி அடித்தாள். கும்மென்று கூடமே அதிர்ந்தது. சுகிமானுக்கு அது தாலாட்டு. குறட்டை மட்டும் கொஞ்சம் இறங்கியது.

“அப்படிப் போடு சுகிமான் அண்ணே! இன்னிக்குத்தான் ஒழுங்கா விழுந்துருக்கு!” என்றார் ஹர்யோனோ, திரும்பிப் பார்க்காமலே.

வகியெம் மூச்சு விட்டாள். கொட்டாப்புளியைச் சுகிமானின் கையில் மெல்லச் செருகினாள். தள்ளி உட்கார்ந்து, தூரிகையை நீட்டி, ஒரு கண்ணை மூடி அளவு பார்த்தாள். பிறகு மறுபடி எட்டி, அவருடைய கட்டைவிரலை மட்டும் லேசாக மடக்கி வைத்தாள்.