பிறை பார்க்கப் பொலிதேயாமா வரை

தொண்ணூற்றாறு பங்குனி, வியாழன் பின்னேரம் நாலு மணி. கபோச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் மகள் வீட்டிலிருந்து கீழ்வீட்டுப் பிலோமினாவோடு புறப்பட்டேன். மன்னார்ப் பிள்ளை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவளும் அவள்தான். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த வெளிநாட்டு ஊரில் வியாழன் பின்னேரம் ஓய்வு. என் மகளுக்கு அதுவும் இல்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் குசினிக் கலண்டரில் அமாவாசைக்குப் போட்டிருக்கும் கறுப்பு வட்டம் தெரியும். எண்ணிப் பார்த்தேன், இன்று மூன்றாம் பிறை. ஆவணியில் நான் வெளிக்கிட்டபோது என் வீட்டுக்காரர் படலையடியில் சொன்னார்: "மூண்டாம் பிறையை நீ அங்கை நிண்டு பார், நான் இஞ்சை நிண்டு பாக்கிறன்." ஐப்பசியில் யுத்தத்தால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. அதன்பிறகு கடிதம் இல்லை. கபோ ஒழுங்கைக்கு மேலே வானம் ஒரு முழ அகலம். அதிலும் உடுப்புக் காய்கிறது. ஒரு பிறைகூட அகப்படவில்லை.

பொலிதேயாமாச் சதுக்கத்தில் வானம் வெளியாகத் தெரியும் என்றாள் பிலோமினா. ஒரு கிலோமீற்றர் நடைதான். மீன்காரர் கத்துவதைச் சண்டை என்று முதல் மாதம் பயந்திருந்தேன். விலைதான் சொல்கிறார்கள்.

நாலரை மணி. பொலிதேயாமாவுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சந்திரனுக்குப் போனவர்களின் படங்கள். நுழைவு இலவசம். பிலோமினா வாசித்துச் சொன்னாள். முதலில் மூன்று பேர் இறங்காமல் சுற்றிவிட்டு வந்தார்களாம், நல்லூர்க் கோயிலில் வெளிவீதி சுற்றுவதுபோல. பிறகு ஆறு தரம் இறங்கினார்கள், பன்னிரண்டு பேர் நடந்தார்கள். எழுபத்திரண்டுக்குப் பிறகு ஒருவரும் போகவில்லை.

அறுபத்தொன்பதில் ரேடியோவில் கேட்டுவிட்டு, "மிதிச்ச சந்திரனை இனிக் கும்பிடலாமோ?" என்று என் மாமி கவலைப்பட்டார். "நிலத்தையும் மிதிச்சுக்கொண்டுதானேயணை கும்பிடுறம்?" என்று என் வீட்டுக்காரர் தாயைச் சிரிக்க வைத்தார்.

"ஆச்சி, அங்கை போய் நிண்டவை மூண்டாம் பிறைக்கு எங்கை போவினம்?" என்றாள் பிலோமினா.

"உன்ரை வாய்க்கு உன்னையும் அனுப்பியிருக்க வேணும்."

இரண்டு பேர் இறங்கினால் மூன்றாவது ஆள் மேலே தனியாகச் சுற்ற வேண்டுமாம். சந்திரனுக்குப் பின்னால் போனால் ஒருவரோடும் கதைக்க ஏலாதாம்.

"எவ்வளவு நேரம் பிள்ளை?"

"முக்கால் மணித்தியாலம் வரும். இஞ்சாலை வந்த உடனை திருப்பிக் கதைக்கலாம்."

அந்த ஆளின் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றேன். கால் நோகிறது என்று நினைத்துக் காவல்காரர் கதிரை கொண்டுவந்து தந்தார்.

ஆறரை மணி. வெளியே பெரிய சதுக்கம். மேற்கே கட்டிடங்களுக்கு மேல் மெல்லிய பிறை. கைகூப்பினேன்.

"இப்ப அவரும் பாத்துக்கொண்டு நிப்பார்."

பிலோமினா விரல்விட்டு மணியை எண்ணினாள். "ஆச்சி, அங்கை இப்ப பதினொரு மணி. பிறை எப்பவோ விழுந்திருக்கும்."

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. படலையடியில் பேசிவைத்தபோது இது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"அப்ப அவர் பாத்து முடிச்சதைத்தான் நான் பாக்கிறனோ?"

"ஓம் ஆச்சி. அவர் பாத்த பிறகுதான் இஞ்சை வரும்."

பிறை கண்டதும் பொன் பார்க்க வேண்டும். சட்டைக்குள்ளிருந்து தாலியை எடுத்துப் பார்த்தேன். பிலோமினாவும் கழுத்துச் சிலுவையை எடுத்துப் பார்த்தாள், எனக்குத் துணையாக.

ஊரில் பிறை பார்க்க யாரும் பயணம் போவதில்லை. முற்றத்தில் நின்றால் போதும். திரும்பும்போது அது வலப்பக்கம் கூடவே வந்தது. ஒழுங்கைக்குள் நுழைந்ததும் உடுப்புகள் மறைத்துவிட்டன.

வீட்டில் கலண்டரை எண்ணினேன். அடுத்த மூன்றாம் பிறை சனிக்கிழமை. பிலோமினாவுக்கு வேலை. வழி எனக்கு இப்போது தெரியும்.