ஆக்ரா ரோட்டில் சிவந்துபோன ரேடியேட்டர் தண்ணீர்

மாட்டுங்காவிலிருந்து தாணேக்கு ஆக்ரா ரோடு வழியாகப் பழைய காரில் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம், பதினான்கு மைல்தான். நான் போனது அறுபதுகளின் நடுவில், ஒரு மே மாதக் கடைசியில். அதற்குப் பிறகு சாலை அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. ஆனால் அவசரப்பட்டுக் கிளம்புகிறவர்கள் மாறியிருக்க மாட்டார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வேலை போய் இரண்டு மாதம். என் மனைவி ஜெயாவுக்குத் தாணேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு நேர்காணல், காலை பதினொரு மணிக்கு. அது கிடைக்காவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். ட்ரெயினிலேயே போய்க்கொள்கிறேன் என்றாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சம்பாதித்துப் போட முடியவில்லை, காரிலாவது கொண்டுபோய் இறக்குவோம் என்று ஒரு வீறாப்பு. செம்பூர் நண்பனிடம் அவனுடைய காரை இரவல் வாங்கினேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்பதால் தாராவியில் மெக்கானிக்காக இருந்த செல்லத்துரையைக் கூப்பிட்டேன். நாசரேத் பக்கத்துக்காரர், அதிகம் பேச மாட்டார்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். தாராவியில் தம் பட்டறை வாசலில் நிறுத்தி, "ரேடியேட்டர்ல தண்ணி கொறையுது சார். குழாய் நின்னுட்டு. உள்ள குடத்துல இருக்கும், எடுத்துட்டு வாரேன்" என்று போனார். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், எனக்கு ஐம்பது நிமிடமாகத் தெரிந்தது. பக்கத்துத் தோல் கிடங்குச் சுவரோரம் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் தெளிவாக நின்றது. ஒரு தகர டப்பாவால் ஐந்தாறு தடவை கோரி நானே ஊற்றி மூடினேன். குடத்தோடு வந்தவரிடம், "ஆயிடுத்து, வண்டிய எடுங்கோ" என்றேன்.

குர்லாவில் மணி ஒன்பது இருபத்தைந்து. முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. செல்லத்துரை குனிந்து பார்த்து, "ஒழுகுது சார். மஞ்சப்பொடி போட்டா அடைச்சிக்கிடும்" என்றார். அந்தக் கால டிரைவர்களின் கைவைத்தியம் அது. எதிர்க்கடையில் பத்து பைசாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கிப் போட்டு, கொஞ்சம் குழாய்த் தண்ணீரும் விட்டார். என் கைக்கடிகாரம் அடகுக்கடையில் இருந்தது. அதனால் ஜெயாவிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தேன். நாலாவது தடவை அவள் கையையே என் முன்னால் நீட்டிக் காட்டினாள்.

காட்கோபர், விக்ரோலி தாண்டி பாண்டுப்பில் வண்டி மறுபடி கொதித்து நின்றது. பத்து மணி. சூடு கொஞ்சம் தணிந்ததும் ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திறந்தார் செல்லத்துரை. உள்ளே தண்ணீர் செக்கச்செவேல் என்று இருந்தது.

"துருவா இருக்கும்" என்றார்.

ஜெயா எட்டிப் பார்த்தாள். "துருன்னா பழுப்பா இருக்கும். இது ஆரத்தி. மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்திருக்கு." என் பக்கம் திரும்பி, "ஏன்னா, தண்ணி எங்கேர்ந்து விட்டேள்?" என்றாள்.

"குழாய்த் தண்ணிதான்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

"சுண்ணாம்புன்னா உள்ள சகதி கட்டியிருக்கும்" என்றார் செல்லத்துரை. "அம்புட்டையும் எறக்கி நாலு தடவ கழுவணும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும்."

ஜெயா கடிகாரத்தைப் பார்த்தாள். சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு, "நீங்க வண்டியப் பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். பத்து நிமிட நடை.

ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்ததும் சிவப்புத் தண்ணீருக்குப் பின்னால் கூழாக ஏதோ இறங்கியது. செல்லத்துரை அதை விரலில் தேய்த்தார். "வழுவழுங்குது. தோல் ஊறப் போடுத சுண்ணாம்புத் தண்ணில்லா இது? பீப்பாய்ல கோரினியளோ?"

"ஆமாம்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், "வாளியப் பிடிங்க" என்றார். தெருக்குழாய்க்கும் வண்டிக்குமாக இருபது நடை நடந்தேன். வேலை கிடைக்காமல் போனால் அதற்கு நான்தான் காரணம் என்ற எண்ணம் ஒவ்வொரு நடையிலும் கூடவே வந்தது.

காரில் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குடிக்கத் தயங்கும் தண்ணீரை ரேடியேட்டருக்கும் விடாதீர்கள். தண்ணீரின் நிறம் மாறியிருந்தால் மேலே மேலே ஊற்றாமல், முழுவதையும் இறக்கிக் கழுவுங்கள். எதை ஊற்றினீர்கள் என்று மெக்கானிக்கிடம் உண்மையைச் சொல்லுங்கள். பதினொரு மணிக்கு நேர்காணல் என்றால் ட்ரெயினில் போங்கள்.

தாணே போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். பள்ளிக்கூட வாசலில் ஜெயா வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"திங்கட்கிழமையே சேரச் சொல்லிட்டா" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியில் ஏறியதும், "அது குழாய்த் தண்ணி இல்லை, ஜெயா" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். உங்க பேண்ட்ல தெறிச்சது காஞ்சு வெள்ளை வெள்ளையா நின்னுதே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீங்க சமாதானம் சொல்லிண்டே இருந்திருப்பேள்" என்றாள். "பத்து முப்பத்திரண்டு ட்ரெயின் போயிருக்கும்."