அம்மாவின் முழங்காலில் இருபத்தெட்டுக் கிளிப்

அம்மாவுக்கு முழங்கால் மாற்றி இன்றைக்குப் பதினைந்தாம் நாள். காயத்தை நூலால் தைக்கவில்லை. இருபத்தெட்டு உலோகக் கிளிப் அடித்து மூடியிருக்கிறார்கள். நேற்றே கழற்றியிருக்க வேண்டும்.

பசையால் ஒட்டியும் மூடலாம் என்று கொழும்பில் டொக்டர் சொன்னவர். அம்மாதான், "பசையை நம்பி நடக்க ஏலாது, கிளிப்பே அடிச்சு விடுங்கோ" என்றார்.

இன்று காலை இங்கே திருகோணமலை லிங்கநகரிலிருந்து ஆட்டோவில் அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன்.

தாதி பார்த்துவிட்டுச் சொன்னார். "நாங்கள் நூல் தையல்தான் வெட்டுறது, தங்கச்சி. இதைக் கழட்டுற சாமான் எங்களிட்ட இல்லை. ஒப்பரேஷன் செய்த இடத்தில ஒண்டு தந்து விட்டிருப்பினமே?"

தரவே இல்லை என்று சத்தியம் செய்தேன்.

ஆறு பார்மசி ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. இரண்டு கிளிப்பைச் சுற்றித் தோல் சிவந்துவிட்டது. மடிக்க முடியாத காலோடு மறுபடி கொழும்புக்கா? ஆட்டோவுக்குள்ளேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா கதிரையில் இருக்கிறார். முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர். மடியில் பழைய பைல்கள், கையில் பளபளவென்று ஒரு சின்னக் கருவி.

"ஆஸ்பத்திரிப் பைக்குள்ள கிடந்தது, பிள்ளை. பைலில ஸ்டேப்ளர் பின் கழட்ட நல்ல சாமான். கடதாசி கிழியவே இல்லை."

அம்மா தன் முழங்காலைப் பார்த்தார்.

திருகோணமலையில் யாரிடமாவது கிளிப் கழற்றும் கருவி உறை பிரிக்காமல் ஒன்று இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள். பதிலுக்கு உங்கள் பைல்களில் பின் கழற்றித்தர அப்பா தயார்.