பல்செட்டுக்காரரின் ஒத்திகை பர்மிட்

என் வீட்டுக்காரர் பல்செட்டு செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் பின்கட்டு அறையில் உட்கார்ந்து அதைப் பல்வரிசையாக்கித் திருப்பி அனுப்புவார். இருபத்தாறு வருஷமாக ஊரில் பாதிப் பேர் இவர் தயவில்தான் மென்று சாப்பிடுகிறார்கள். ஒருத்தருக்கும் இவர் முகம் தெரியாது. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது. எங்கள் வீட்டில் வருத்தப்படுவது, கோபப்படுவது எல்லாம் என் இலாகா.

எதையும் நேரடியாகச் செய்துவிட மாட்டார் மனிதர். முதலில் மெழுகில் பல்லை நட்டு அனுப்புவார். டாக்டர் அதை அந்த ஆள் வாயில் வைத்துக் கடித்துப் பார்க்கச் சொல்லி, சரி என்று தகவல் தந்த பிறகுதான் நிஜப் பல்செட்டு. "மெழுகுல எத்தனை தப்பு வேணா பண்ணலாம், உருக்கிட்டா போச்சு" என்பார். இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வரும். ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால் முந்தின நாளே சட்டை போட்டு, செருப்பு மாட்டி, தெருமுனை வரை நடந்து பார்த்துவிட்டு வருவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவளும் அப்பாவைப் போல ஊமைக்கோட்டான். இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரு மணி நேரம் இருந்தால் நாலு வார்த்தை தேறாது. அப்படிப்பட்டவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "அப்பா, அந்த தேசியப் பூங்கா மலை மேல ஒரு ஏரி இருக்காம். முதுகுல பையைத் தூக்கிட்டு மூணு நாள் நடக்கணும். நாம போலாமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பேச்சு நிற்கவே இல்லை. முழுக்க முழுக்க எடையைப் பற்றி. பல்பொடி, கயிறு, காலுறை என்று ஒவ்வொன்றையும் அவர் மருந்து நிறுக்கும் சின்னத் தராசில் வைத்து நிறுத்தார்கள். டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார்கள்.

"ஆறு கிராம் மிச்சம்ப்பா!"

"அந்தச் சீப்பையும் கொண்டா, பாப்பா."

நான் கிண்டல் செய்தேன். ஆனாலும் பின்கட்டிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும்.

இந்த வருஷம் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு வர முடியாது. புறப்படுவதற்கு முன் கையில் இருந்தது ஒரே ஒரு வாரம். போனால் அந்த வாரம் போக வேண்டும்.

அந்தப் பூங்காவின் விதிகளைச் சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மேலே ஏரிக்கரையில் ஒரு ராத்திரிக்கு இருபது கூடாரம்தான் போடலாம், கூடாரத்துக்கு இரண்டு பேர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அடுத்த மாதத்து இடங்களைக் கம்ப்யூட்டரில் திறப்பார்கள், எட்டு மூன்றுக்கு எல்லாம் காலி. ஒரு ஆளுக்கு வருஷத்தில் ஒரு பர்மிட். பெயரை மாற்ற முடியாது, ரத்து செய்தாலும் வாங்கியது வாங்கியதுதான். காட்டைக் காப்பாற்றத்தானே என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் என்ன செய்தார்? முந்தின வாரமே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார்! எந்தப் பக்கத்தில் என்ன கேட்கிறார்கள், எங்கே கை தடுமாறும் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். மழை மாதங்களில் யாரும் வராததால் இடம் எப்போதும் திறந்தே கிடக்கும். அதில் ஒரு புதன்கிழமையைப் பிடித்து, தன் பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் போட்டுக்கொண்டே போனார். பணம் கட்டும் பக்கம் வந்ததும் நிறுத்திவிடலாம் என்று கணக்கு. மழை மாதத்துக்குக் கட்டணமே கிடையாது என்று யாருக்குத் தெரியும்? 'உறுதி செய்' என்று இருந்ததை அமுக்கினார், பர்மிட் வந்து நின்றது. "பார்த்தியா, நல்லா வேலை செய்யுது" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை எட்டு மணி. ஒத்திகையின் பலன், இரண்டே நிமிஷத்தில் ஒரு கூடாரம் மாட்டிவிட்டது. மகள் விவரம் ஏறியது. இவர் எண்ணைப் போட்டதும் சிவப்பு எழுத்து: இந்த ஆண்டுக்கான உங்கள் அனுமதி ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது.

விவரத்தை முடிக்க ஒன்பது நிமிஷம் தருவார்கள். அதற்குள் அவர் பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"அது சும்மா பழகிப் பார்த்ததுங்க."

"கம்ப்யூட்டருக்கு சும்மாவும் நெசமும் ஒண்ணுதான் சார்."

"அந்தப் புதன்கிழமையை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"அன்னிக்கு மழையில பாதையே மூடியிருக்கும் சார். ஆனா பர்மிட் பர்மிட்தான்."

மூடியிருக்கும் பாதைக்கு எதற்கடா பர்மிட் கொடுக்கிறீர்கள் என்று நான் போனைப் பிடுங்கப் போனேன். இவர் விடவில்லை. மகள், "வேண்டாம்ப்பா, விட்டுடலாம்" என்றாள். அவளைத் தனியாக அனுப்பவும் இவருக்கு மனசில்லை. என் பக்கம் திரும்பி, "உன் அட்டையை எடுத்துட்டு வா" என்றார். இரண்டு வருஷ ஆசையை அழித்துவிட்டு அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தார்.

இப்படித்தான் கடைத்தெருவுக்குக்கூட ஆட்டோவில் போகிற நான் மலை ஏறினேன். அவர் தன் பையின் வாரை என் தோளுக்குத் தக்கபடி சுருக்கித் தைத்துக் கொடுத்தார். பூங்கா வாசல் வரை வந்தார். அங்கேயே ஒரு விடுதியில் தங்கி, நாங்கள் திரும்பும் வரை காத்திருப்பதாகச் சொன்னார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். மூச்சு வாங்கியதில் முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பிறகு எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். இருபது இடத்தில் ஏழு கூடாரம். பதின்மூன்று இடம் காற்றாடிக்கொண்டு கிடந்தது!

காவலரைப் பிடித்தேன். "மத்தவங்க எல்லாம் எங்கப்பா?"

"வர மாட்டாங்கம்மா. டூர் கம்பெனிக்காரங்க மொத்தமா எடுத்து வெச்சுக்குவாங்க. ஆள் சேர்ந்தா கூட்டிட்டு வருவாங்க, சேரலேன்னா அப்படியே விட்டுடுவாங்க."

"பேரு, அட்டை எண்ணு எதுவும் வேணாமா?"

"கம்பெனிக்கு வேற விதிம்மா."

கீழே ஒரு மனிதர் ஒரு தப்பும் செய்யாமல் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். இங்கே இருபத்தாறு பேர் படுக்கிற இடம் சும்மா கிடக்கிறது. காவலர் பாவம், அவரைத் திட்டி என்ன பயன் என்று தெரிந்தும் திட்டினேன். மகள் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழுகிறாள் என்று தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது.

இறங்கும்போது வழி முழுக்க என்னென்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். இவரையும் கூட்டிக்கொண்டு நேராக அந்த அலுவலகத்துக்குப் போய், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று முடிவு. அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முதல் கேள்வியே, "மேல கூட்டமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "செம கூட்டம்ப்பா. இருபது இடமும் ஃபுல். நீங்க வந்திருந்தாலும் படுக்க இடம் இருந்திருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

"ஆமாங்க, கால் வைக்க இடமில்ல" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அதானே. இடம் இருந்தா விடாமலா இருப்பாங்க? அவங்களும் மனுஷங்கதானே" என்று என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, மகளோடு பேசியபடி முன்னால் நடந்தார். அலுவலகத்தின் கதவு திறந்துதான் இருந்தது. கேள்வி கேட்க வந்து அந்த அலுவலகத்துக்கே வக்காலத்து வாங்கிய வாயை மூடிக்கொண்டு, நான் அதைத் தாண்டிப் போனேன்.