மடிப்பில்லாத பட்டுப் பாவாடை

மலேசியாவில் லாபிஸ் என்ற ஊரில், எங்கள் தாமான் குடியிருப்பில் பாதி வீடுகளுக்கு அம்மாதான் தையற்காரி. வளரும் பிள்ளைகளுக்குப் பாவாடை தைத்தால் இடுப்புப் பக்கம் ஒரு சாண் துணியை உள்ளே மடித்து வைத்துத்தான் தைப்பார். பிள்ளை உயர உயரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அதனால் தீபாவளியன்று எங்கள் பக்கத்துச் சிறுமிகள் எல்லோருக்கும் தொப்பை போட்டிருக்கும். எனக்குச் சற்றுக் கூடுதலாகவே.

அந்த வருடம் சித்தி சிங்கப்பூரிலிருந்து பனாரஸ் பட்டு வாங்கி வந்தார். கையால் நெய்தது. கருஞ்சிவப்பில் ஜரிகைப் பூ அடர்ந்து, தூக்கினால் கனத்தது. அக்காவுக்குப் பாவாடை, மிச்சத்தில் எனக்குச் சட்டை என்று முடிவானது. அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு எட்டு. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்த அக்காவை அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பினால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்? பள்ளியில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அப்பா மட்டும் ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார் என்று எரிச்சலாக வந்தது.

தீபாவளிக்கு முன் புதுத்துணியைத் தொடவே விடாத அம்மா, தைத்து முடித்த அன்றே அக்காவுக்குப் பாவாடையைக் கட்டிவிட்டார். கச்சிதமாக இருந்தது. தொப்பையே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. அக்கா இடுப்புப் பட்டையைப் புரட்டிப் பார்த்தாள்.

"ம்மா, மடிப்பு வைக்கலையா?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "பட்டு கனமா இருக்குல்ல. மடிச்சா உப்பிக்கும் லா."

"பரவால்லம்மா, வச்சிருங்க. அடுத்த வருஷம் பத்தாதுல்ல."

இனி செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் கைவிரித்ததை அம்மாவும் அப்பாவும் அவளிடம் மறைத்து வைத்திருந்தார்கள். வாய் திறக்காமல் காத்த அம்மாவை, மடிப்பு வைக்காத அவர் கையே காட்டிக்கொடுத்துவிட்டது. இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

அம்மா பாவாடையைப் பிரித்தார். ஒட்டுப் போடத் துணி போதவில்லை. என் சட்டைக்கு வைத்திருந்த பட்டுத் துணியை எடுத்து வெட்டினார். "அது என்னோடது!" என்று கூரை பிய்ந்துபோகக் கத்தினேன். அம்மா மெஷின் மேல் குனிந்தபடி அழுதுகொண்டிருந்தார். நல்ல பட்டை யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்து வீணாக்குகிறோமே என்று அழுகிறார் போலும், நன்றாக அழட்டும் என்று நினைத்தேன்.

சண்டை போட அக்காவின் அறைக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவள் என்னை அருகில் நிற்க வைத்து, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நீ என்னவிட ஒசரமா வருவடி. அந்த மடிப்பு ஒனக்குத்தான். அப்பறம் பிரிச்சுப் போட்டுக்க. அம்மாகிட்ட இப்ப சொல்லாத."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சட்டையும் போய், கடைசியில் அவள் உடுத்திக் கழித்ததுதானா எனக்கு?

"நீ போட்டுப் போட்டுப் பழசாக்கிட்டுத் தருவ. எனக்கு வேணாம்."

"ஒருநாள்தான்டி போடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா" என்று என் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தாள்.

ஒருநாள் உடுத்தியது புதுசு மாதிரிதான். எனக்கு மனது ஆறிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.