தலந்தா நகர்த்திய ராஜா

தலந்தா என்ற பெயரை சலூஹா முதலில் கேட்டது தன் புருஷன் வாயிலிருந்துதான். ரொட்டி விலைக் கலகத்துக்கு முந்தின வருஷம், நாத்தனார் மகள் பேயாவுக்கு நிச்சயமான வாரம். சனிக்கிழமை மத்தியானம். தட்டில் மீன் கூஸ்கூஸ் ஆறிக்கொண்டிருந்தது. தீஜானி தலைநகர் தூனிஸிலிருந்து வந்த வாரப் பத்திரிகையை மூக்கருகே பிடித்துக்கொண்டு, "தலந்தா... மறுபடியும் தலந்தா" என்று முனகினார்.

"யாரு அவ?"

"தபாலாபீஸ்ல கடிதம் பிரிக்கிறவ."

"அவ பேரு உங்க வாயில எதுக்கு?"

பத்திரிகையில் வாராவாரம் ஒரு சதுரங்கப் புதிர் வரும். சரியான விடை அனுப்பியவர்கள் பெயரை அடுத்த இதழ்களில் ஊர்வாரியாக, முந்தி அனுப்பிய வரிசையில் போடுவார்கள். ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு ஆறு வருஷமாகத் தீஜானி பெயர்தான் முதலில் வந்தது. கணக்கு வாத்தியாரான அவர், அது தனக்கு உரிமைப்பட்ட இடம் என்றே நினைத்திருந்தார். நாலு மாதமாக அவர் தலைக்கு மேலே இவள் பெயர்.

அவர் சொன்னது நியாயமான காரணமாகத்தான் இருந்தது, ஆனால் சலூஹா நம்பவில்லை. ஒரு தட்டு சோறு தீருவதற்குள் இன்னொருத்தி பெயரை மூன்று தரம் சொல்கிற ஆம்பிளையை யார் நம்புவார்கள்? திங்கட்கிழமை வெள்ளை ஸஃப்ஸாரியைப் போர்த்திக்கொண்டு, தபால் தலை வாங்குகிற சாக்கில் பார்க்கப் போனாள்.

கம்பிக்குப் பின்னால் நாற்பது வயசுக்காரி. சாம்பல் நிற மேலங்கி, கட்டைவிரலில் முத்திரை மசி, கண்ணில் மை கிடையாது. அலங்காரமே இல்லாமல் ஒருத்தி இவ்வளவு பெயர் வாங்குகிறாளே என்பதுதான் சலூஹாவை உறுத்தியது. விசாரித்ததில், கெர்க்கன்னாத் தீவில் கடல்பஞ்சு எடுத்த லஸ்ஹரின் மூத்த மகள் என்று தெரிந்தது. கல்யாணமாகவில்லை. தங்கை முன்ஜியா விதவையாகி மூன்று பிள்ளைகளோடு நிற்க, அந்த வீட்டு அடுப்பு இவள் சம்பளத்தில்தான் எரிந்தது. முன்ஜியாவின் மாமியார் சலூஹாவின் அம்மாவுக்குச் சித்தி மகள் முறை. அதனால் எல்லாம் சுலபமாகத் தெரிந்தது.

தீஜானியின் சந்தேகம் வேறு. காப்பிக் கடையில் பெரிய குரலில் சொன்னார்: "நாமெல்லாம் விடைய அஞ்சலட்டையில எழுதறோம். மூடாத அட்டை. எல்லாம் அவ கை வழியாத்தான் போகுது. என்னுதப் பாத்து எழுதறா."

"தபால் முத்திரை அவகிட்டதானே இருக்கு, தேதியக்கூட மாத்திக் குத்துவா" என்றார் செருப்புக் கடை புப்பாக்கர்.

அந்த வாரப் புதிருக்குத் தீஜானி கண்ணி வைத்தார். மூன்று நகர்வில் வெள்ளை ஜெயிக்க வேண்டும். குதிரையில் தொடங்குவது விடை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அட்டையில், ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்குவதாக எழுதினார். அதை அவர் பலகையில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. இதைப் பார்த்து அவளும் எழுதட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று அட்டையைச் சலூஹாவிடம் கொடுத்தார். "அந்த ஆபீஸ்லயே போடு."

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகையில் வந்தது: "ஸ்ஃபாக்ஸ் தீஜானி, தலந்தா இருவரும் ராஜாவை நகர்த்தியிருக்கிறார்கள். மறுபடி சரிபார்க்கிறோம்." தீஜானி துள்ளிக் குதித்தார். அடுத்தவர் கடிதத்தைப் படித்தவளுக்கு அன்றைக்கே வேலை போகும். போஸ்ட் மாஸ்டர் ஹமீஸிடம் மனு கொடுத்தார். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

சலூஹாவுக்கு மட்டும் ஒன்று தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பெயர் வீட்டைவிட்டே போய்விடும். ஆனால் முன்ஜியாவின் பிள்ளைகள் கண்ணில் வந்து நின்றார்கள். செவ்வாய்க்கிழமை புருஷனுக்குப் பின்னாலேயே போனாள்.

தலந்தா மேசை ஓரம் நின்றிருந்தாள். "ஸி ஹமீஸ், நான் யார் அட்டையும் படிக்கல" என்றாள். 'ஸி' என்று மரியாதை வைத்துத்தான் எல்லோரையும் அழைப்பாள்.

"அப்போ என் தப்பு உன் அட்டைக்கு எப்படி வந்துச்சு? காத்துல பறந்தா?" என்றார் தீஜானி.

"அந்த அட்டை இந்த ஆபீஸுக்கே வரல" என்றாள் சலூஹா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ரயிலடிப் பெட்டியில போட்டேன். அங்கேருந்து நேரா தூனிஸ் வண்டியில ஏறிடும்."

"இங்கதானே போடச் சொன்னேன், ஏ பொம்பளை!"

"என் புருஷன் கையெழுத்து இவ கையில படறது எனக்குப் பிடிக்கல. போதுமா?"

ஹமீஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தீஜானியின் காது சிவந்தது. "ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு தோணுமா? இவங்க சேந்துக்கிட்டாங்க!"

"தப்பில்ல, ஸி தீஜானி. பலகை இருந்தா வைங்க" என்றாள் தலந்தா.

தீஜானி பையில் பலகை இல்லாமல் வெளியே போகிறவர் இல்லை. காய்களை அடுக்கினார். தலந்தா வெள்ளை ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கிவிட்டுக் கையை எடுத்தாள். "உங்க முறை."

கறுப்பை ஆடிய அவருக்கு நாலே வழி இருந்தது. சிப்பாயைத் தள்ளினார், ராஜா மாட்டியது. மறுபடி அடுக்கிக் குதிரையை ஒரு பக்கம் தாவவிட்டார், மாட்டியது. மறுபக்கம் தாவவிட்டார், அப்போதும் அப்படியே. ராஜாவையே மூலையிலிருந்து எடுத்தார். அங்கேயும் யானை வந்து நின்றது. கறுப்பு எதையும் அசைக்காமல் இருந்தால்தான் பிழைக்கும். ஆட்டத்தில் அப்படி இருக்க முடியாது. அவர் தப்பென்று எழுதியது இன்னொரு சரியான விடை.

"யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு?" என்றார் ஹமீஸ்.

"யாருமில்ல. பத்திரிகையிலயே காய் எப்படிப் போகும்னு போட்டிருந்தான். மொதல் பதினோரு வாரம் என் பேரே வரல. ராஜாவுக்குக் கண்ணுல பட்ட செக்கை எழுதி அனுப்பிடுவேன். அப்புறம் சமையக்கட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் உக்காந்தேன். கறுப்பு என்ன செய்யும்னு மட்டும் பாத்தேன். அதுக்கப்புறம்தான் வந்துச்சு."

தீஜானி பலகையைப் பார்த்தபடியே இருந்தார். மனுவை ஹமீஸ் திருப்பிக் கொடுத்ததை அவர் கவனிக்கவில்லை. தலந்தா எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததைத்தான் சலூஹா கவனித்தாள்.

ரயிலடியிலும் அவளுக்கு ஆள் இருந்திருக்கும் என்று புப்பாக்கர் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். சலூஹாவுக்கும் சந்தேகம் முழுசாகத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. வியாழக்கிழமைதோறும் தலந்தாவோடு ஆட, தீஜானி முன்ஜியா வீட்டுக்குப் பலகையோடு போனார். ஒவ்வொரு வியாழனும் சலூஹா கூடவே போய், பின்னல் வேலையை மடியில் வைத்துக்கொண்டு, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

இப்போது தலந்தாவுக்கு எண்பத்திரண்டு வயசு. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கெர்க்கன்னாவில் ரம்லா ஊரில், முன்ஜியாவின் நடு மகன் வீட்டில் இருக்கிறாள்.