பலகைக்கு அப்பால் ஒரு மேப்பிள்

மரத்தைத் தொட்டே அதன் வயிற்றில் இருப்பதைச் சொல்லிவிடுவான் ஹாசிப். போஸ்னிய மலைக்காட்டில் பீச், ஃபிர் மரங்களுக்கு நடுவே மேப்பிள் நிறைய உண்டு. ஆனால் நூற்றில் ஒன்றுக்குத்தான் உள்ளே ரேகை நெளிந்து அலையோடியிருக்கும். வயலின் செய்கிறவர்கள் அந்த ஒன்றுக்காகத் தவம் கிடப்பார்கள். உள்ளங்கையளவு பட்டையைச் சீவி விரலை ஓட்டினால் ஹாசிப்புக்குப் போதும். முப்பது வருஷத்தில் அவனுக்கு வாய்த்தது இரண்டே மரம்.

மூன்றாவது என்று அவன் நம்பியது கண்ணிவெடி இருப்பதாக எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் நாற்பதடியில் நின்றது. சண்டை ஓய்ந்து பதினோரு வருஷமாகியும் அங்கே புதைத்த கண்ணிவெடிகளை யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் அந்த மேப்பிளும் பிழைத்துக் கிடந்தது.

“பலகைக்குக் காவலா இருக்க மச்சான்?” என்றான் மனைவியின் தம்பி மென்சூர். “மான் போற தடம் இருக்குல்ல. நான் போயி பட்டையச் சீவிட்டு வாரேன்.”

“மூணு பிள்ளைக்காரன் பேசுற பேச்சா இது? தள்ளு.”

மென்சூர் சொன்னதைச் செய்துவிடுகிற முரடன். அதனால் ஹாசிப் முந்திக்கொண்டான். மச்சினனைக் காப்பாற்றவா, ஆசை பிடரியைப் பிடித்துத் தள்ளியதா என்றால், இரண்டும்தான்.

குளம்பு பதிந்த ஈரமண்ணில் மட்டும் கால் வைத்தான். அரைமணி ஆனது. வேர்வையில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பட்டையைச் சீவி விரலை ஓட்டினான். சீப்பின் பல்லில் ஓடுவதுபோல் ஓடியது. அவன் கண்டதிலேயே நெருக்கமான அலை.

அந்நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. மஞ்சள் இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. திரும்பிப் பார்த்தால் வந்த தடமே தெரியவில்லை. 

“அலை இருக்கா மச்சான்? இருந்தாச் சொல்லு. நாளைக்கே ரம்பத்தையும் குதிரையையும் கொண்டாந்துர்றேன்” என்று பலகைக்கு இப்பாலிருந்து கத்தினான் மென்சூர்.

மரத்தைச் சாய்த்து, துண்டு போட்டு, குதிரை கட்டி இழுப்பதற்குள் இந்தத் தரையை எத்தனை கால் மிதிக்க வேண்டும்? ஹாசிப் கண்ணை மூடிக்கொண்டான். மரத்தைப் பற்றி அதுவரை அவன் பொய் சொன்னதில்லை.

“ஒண்ணுமில்லடா. நேர் ரேகை. விறகுக்குத்தான் ஆகும்.”

சீவிய இடத்தில் சேற்றை அப்பி மறைத்தான். பிறகு இலையை ஒவ்வொன்றாக விலக்கி, கத்தி முனையால் மண்ணைத் துழாவித் துழாவி, கால் வைத்தான். பலகைக்கு இப்பால் வந்ததும் தரையிலேயே உட்கார்ந்து அழுதான்.

மென்சூர் பக்கத்தில் உட்கார்ந்து சிகரெட்டைப் பற்றவைத்துக் கொடுத்தான்.

“விடு மச்சான். இத்தன வருஷம் ஆசை காட்டி ஏமாத்திருச்சு சனியன். நாம வேற மரம் பாப்போம்.”

ஹாசிப் தலையை ஆட்டினான். அழுகை மட்டும் நிற்கவில்லை.